ஆளுக்கேற்ற மோட்டார் சைக்கிள்



எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உழவர் ஒருவர் உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் சென்றால், மடியிலுள்ள பணத்தை எளிதில் அவிழ்த்துவிட மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டும் பார்ப்பார். வீட்டில் நிற்கும் மற்றொரு மாட்டின் உயரத்துக்கு இது ஒத்து வருமா, ஒரே நுகத்தில் பூட்டினால் இரண்டு கழுத்தும் சமமாக நிற்குமா என்று மனத்துக்குள் அளந்து பார்ப்பார். அத்தனை கருத்துடைய அதே உழவர், மோட்டார் சைக்கிள் வாங்கப் புகும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். வர்ணத்தைப் பார்க்கிறார், அண்டை வீட்டார் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பார்க்கிறார், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார், கையெழுத்திட்டுவிடுகிறார். "என் கால் தரைக்கு எட்டுமா? வண்டி சாய்ந்தால் என் கை அதைத் தாங்குமா?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பவர் மிக அரியர்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, வகுப்பில் பெஞ்சு எப்படி இருக்க வேண்டும் என்பது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பாதம் தரையில் படிய வேண்டும். முழங்கால் மடிந்து இயல்பாக இருக்க வேண்டும். எழுதும் பலகை முழங்கை உயரத்தில் அமைய வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கும் பிள்ளைக்குப் பாடத்தில் கருத்து நில்லாது. அசையாமல் நிற்கும் பெஞ்சுக்கே இத்தனை அளவு உண்டென்றால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு அளவு வேண்டாமா?

சைக்கிள் காலத்தில் இந்த அறிவு நம் மக்களிடம் இருந்தது. சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். "உங்களுக்கு 22 போதும், உங்கள் அண்ணாச்சிக்கு 24 வேண்டும்" என்பார். அது சைக்கிள் சட்டத்தின் அங்குலக் கணக்கு. சிறுவர்களுக்கு வாடகைக் கடைகளில் கால் சைக்கிளும் அரைச் சைக்கிளும் தனியே நிற்கும். அவை கிடைக்காதபோது, பெரிய சைக்கிளின் சட்டத்துக்கு நடுவே ஒரு காலை நுழைத்து, உடலை ஒரு பக்கம் வளைத்து மிதித்துச் செல்வோம். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். தன் உடலுக்குப் பெரிதான வண்டியை ஓட்டுகிறோம் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது. விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்போடு முடிந்தது. மோட்டார் சைக்கிளுக்கோ இப்படி 22, 24 என்ற அளவுகள் இல்லை. ஒரு மாதிரி வண்டியை ஒரே உயரத்தில்தான் செய்கிறார்கள். ஐந்தடி ஆளும் ஆறடி ஆளும் அதே வண்டியைத்தான் வாங்க வேண்டும். ஆகவே, கடைக்காரர் செய்து வந்த அளவெடுப்பை இப்பொழுது வாங்குபவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இங்கிலாந்து தேசத்து என்பீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகலாயிற்று. இராணுவத்தாரும் போலீஸ்காரரும் ஏறிய வண்டி அது. அதை ஓட்ட உடற்கட்டு வேண்டும் என்பதை ஊரார் சொல்லாமலே அறிந்திருந்தனர். உதைத்துக் கிளப்புவதற்கே ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. பிறகு 1980-இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தார் டி.வி.எஸ். 50 என்னும் இருவர் அமரத்தக்க மொபெட்டைக் கொண்டுவந்தனர். 1985-இல் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தாரின் 100 சி.சி. வண்டி வந்தது. இவ்விரண்டும் வந்த பின்னர்ச் சிறிய சம்பளக்காரரும், சிறிய உடலுடையோரும் மிகுதியாக எஞ்சின் வண்டியில் ஏறினர். இப்பொழுதோ மின்விசையால் கிளம்பும் வசதி பெரும்பாலான வண்டிகளில் வந்துவிட்டது. விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் 195 கிலோ வண்டியும் கிளம்பிவிடுகிறது. முன்பு உதைத்துக் கிளப்ப இயலாதவர் அங்கேயே பின்வாங்கிவிடுவார். அந்த வாயிற்காவல் இன்று இல்லை. கிளப்புவது எளிதாயிற்று, நிறுத்துவதும் நிமிர்த்துவதும் முன்போலவே கடினமாக இருக்கின்றன.

செய்ய வேண்டிய வேலையின் பளு, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்தே ஒன்றில் இறங்க வேண்டும் என்று திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. ஆயினும் வண்டி வாங்குபவருக்கும் அதைவிட நல்ல வரிசை கிடைக்காது. அந்த வரிசையிலேயே நாமும் பார்ப்போம். தன் வலிமையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கால். வண்டியின் விவரத்தாளில் இருக்கையின் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். அதனோடு ஒப்பிட வேண்டியது நம் முழு உயரமன்று. காலின் உள்ளளவே ஆகும். அதை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரு கால்களுக்கும் இடையே, சேணத்தில் அமர்ந்தாற்போல் மேலே பொருந்தும்வரை உயர்த்துங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். தரையிலிருந்து அக்கோடு வரையுள்ள அளவே உங்கள் கால் அளவு. என் உயரம் 160 சென்டிமீட்டர். என் கால் அளவு 73 சென்டிமீட்டர், அதாவது 730 மில்லிமீட்டர்.

இனி வண்டிகளைப் பாருங்கள். நம் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் இருக்கை 785 மில்லிமீட்டர் உயரம். எடை 112 கிலோ. ராயல் என்பீல்டு கிளாசிக் 350 வண்டியின் இருக்கை 805 மில்லிமீட்டர். எடை 195 கிலோ. அதே நிறுவனத்தாரின் மீட்டியார் 350 வண்டிக்கு இருக்கை 765 மில்லிமீட்டர்தான். எடையோ 191 கிலோ. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தாழ்ந்த வண்டியெல்லாம் இலேசான வண்டியன்று; உயர்ந்த வண்டியெல்லாம் கனமான வண்டியுமன்று. உயரம் ஒரு கணக்கு. எடை வேறொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சிட்ட உயரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நாம் ஏறி அமர்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி இருக்கை சற்றுத் தாழும். இது நமக்கு இலாபம். இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் எட்டும் தூரம் குறையும், இது நட்டம். ஆதலால் இருக்கை குறுகலாக உள்ள உயரமான வண்டியில் எட்டும் கால், இருக்கை அகன்ற தாழ்வான வண்டியில் எட்டாமலும் போகலாம். ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடு வேறில்லை. இரு பாதங்களின் முன்பகுதியும் ஒரே வேளையில் உறுதியாக ஊன்ற வேண்டும். அல்லது ஒரு பாதமேனும் குதிகால்வரை முழுதும் படிய வேண்டும். கட்டைவிரல் நுனி மட்டும் தொட்டால் அது எட்டியதாகாது.

இரண்டாவது, தோளும் கையும். இங்கே சிறிய கணக்கொன்று போட்டுக் காட்ட விரும்புகிறேன். நேயர்கள் கரும்பலகை ஒன்றை மனக்கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். 195 கிலோ வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஹாண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வண்டி 10 பாகை சாய்ந்தால், அதை ஹாண்டில்பாரில் தாங்கி நிறுத்த ஏறக்குறைய 17 கிலோ விசை வேண்டும். 20 பாகை சாய்ந்தால் 33 கிலோ. 30 பாகை சாய்ந்தால் 49 கிலோ. 112 கிலோ வண்டிக்கு இதே கணக்கு முறையே 10, 19, 28 கிலோவாகும். வண்டி சாயச் சாயப் பளு ஏறுகிறது. முதற் பத்துப் பாகையிலேயே தாங்கிக்கொண்டவர் பிழைத்தார். அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த நொடியில் பளு இரட்டிப்பாகும். அந்த முதற் பத்துப் பாகையில் நம்மைக் காப்பது கையன்று, தரையில் ஊன்றிய காலே. கால் எட்டாதவருக்குக் கை எவ்வளவு வலுவாயிருந்தும் பயன் குறைவு.

வள்ளுவர் சொன்ன துணையின் வலிமையையும் இங்கேயே பார்த்துவிடலாம். நம் ஊரில் தனியே வண்டியில் செல்பவர் குறைவு. பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்தால், அவர் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால், 10 பாகைச் சாய்வில் அவர் ஒருவரே 9 கிலோ விசையைக் கூட்டிவிடுகிறார். அஃதாவது, பின்னால் ஒருவரை ஏற்றுவது, சாய்வைப் பொறுத்தவரை, மற்றொரு 112 கிலோ வண்டியைத் தூக்கிக் கட்டிக்கொள்வதற்குச் சமம். கடைவாசலில் தனியாக உட்கார்ந்து பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி வாங்குவதில் உள்ள குறை இதுவே. யாரை ஏற்றிச் செல்லப் போகிறோமோ அவரையும் உடன் அழைத்துச் சென்று, ஏற்றி உட்கார வைத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

இனி எதிரியைப் பார்ப்போம். எங்கள் நாட்டில் எதிரி என்பது பெரும்பாலும் மண்ணே. கரிசல் மண் வானம் பார்த்த மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். இப்படி ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் மண்ணின்மேல் போட்ட தார்ச்சாலை ஓரங்களில் விரிசல் கண்டு உடைகிறது. ஓரத்து மண் கரைந்து இறங்கிவிடுவதால், தார் ஒரு மட்டத்திலும் தரை அதற்கு நான்கு விரற்கடை கீழேயும் நிற்கும். எதிரே பேருந்து வரும்போது ஒதுங்கி நின்று இடக்காலை ஊன்றுபவருக்கு, கடைவாசலில் எட்டிய தரை இங்கே எட்டாது. ஆகவே சமதரையில் மட்டும் காலை ஊன்றிப் பார்க்காமல், இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்த இடமொன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அருப்புக்கோட்டையாருக்கும் பரளச்சியாருக்கும் நரிக்குடியாருக்கும் அதுவே உண்மையான சோதனை.

மழைக்காலத்தில் வண்டிப்பாதையில் இறங்கினால், கரிசல் களிமண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைந்துவிடும். சக்கரம் சுழலாது. அப்பொழுது இறங்கி, குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்து, நான்கடி தள்ளி, மீண்டும் குத்தி எடுக்க வேண்டும். கோடையில் சீமைக் கருவேல முள் டயரில் பாய்ந்து காற்று இறங்கும், அருகில் கடையிராது, அப்பொழுதும் தள்ளத்தான் வேண்டும். ஆதலால் எங்கள் வட்டாரத்தில் வண்டி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, இதை நான் ஓட்ட முடியுமா என்பதன்று. இதை நான் தள்ள முடியுமா என்பதே. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாகப் புகுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுரை தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எதிரி வேறு. அங்கே துறைமுகத்துக்குச் செல்லும் கனரக லாரிகள் விரைகின்றன. மரமற்ற வெளியில் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. மிக இலேசான மொபெட்டில் உயரமான சுமையைக் கட்டிக்கொண்டு செல்பவரை, கடந்து செல்லும் லாரியின் காற்றே ஒரு முழம் தள்ளிவிடும். ஆகவே எடை குறைந்ததே எப்பொழுதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் அந்தச் சாலையில் மதுரைக்குச் சென்று மீளும் வலுவான ஆளுக்குச் சற்றுக் கனமான வண்டி நிலைகொண்டு ஓடும். கிராமத்துக்கும் கடைத்தெருவுக்கும் செல்பவருக்கு அந்தக் கனம் வீண் சுமை.

எஞ்சியது வேலையின் பளு. எங்கள் ஊரில் மல்லிகைப் பூ மூட்டை விடியுமுன் சந்தைக்குப் போக வேண்டும், நெசவாளர் நூல் மூட்டையும் சேலைக்கட்டும் கொண்டுசெல்ல வேண்டும், பால்காரருக்கு இருபுறமும் கேன் தொங்க வேண்டும், ஆட்டுக்காரருக்குத் தழைக்கட்டு. இத்தகைய வேலைக்கு, கால் வைக்கும் இடம் திறந்துள்ள மொபெட் வகையே ஏற்றது. எடை 90 கிலோவுக்குக் குறைவு. சுமையைக் காலுக்கிடையில் தாழ்வாக வைக்கலாம். தாழ்வான சுமை வண்டியை நிலைப்படுத்தும். உயரமான சுமை கவிழ்க்கும். கணக்கு முன்னே சொன்னதுதான்.

நான் நன்கு அறிந்த இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவர்; விசைத்தறியில் வேலை; உயரம் ஐந்தடி மூன்றங்குலம்; மெலிந்த உடல். திருமணத்தின்போது பெண் வீட்டார் சீராகக் கனமான மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினர். ஊரே பார்த்து மெச்சியது. இரண்டு ஆண்டு கழித்து, மனைவியும் கைக்குழந்தையும் பின்னால் இருக்க, திருச்சுழிச் சாலையில் வரும்போது எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி வண்டியை நிறுத்தினார். வேகம் ஏதுமில்லை, வண்டி நின்றே விட்டது. இடக்காலை ஊன்றினார், அங்கே தரை இல்லை. ஒருக்களித்து அமர்ந்திருந்த மனைவியின் கணுக்கால்மேல் வண்டி சாய்ந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு எலும்பு முறிந்தது. தார் சுற்றிக் குடும்பத்துக்குத் துணையாக நின்ற அவர் மூன்று மாதம் கூலி இழந்தார்.

நான் பார்க்கச் சென்றபோது, "வண்டியை மாற்றிவிடு, தம்பி" என்றேன். "மாமா கொடுத்த வண்டி, ஐயா. விற்றால் அவரை அவமதித்ததாக ஆகிவிடுமே" என்றார் அவர். மேலே ஒன்றும் பேசாமல் நான் நேரே அந்த மாமனாரிடம் சென்றேன். அவர் உழவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாத்தியாரையா, மாட்டுக்கு நுகம் ஒத்துவராவிட்டால் நுகத்தைத்தானே மாற்றுவோம்? கழுத்தையா அறுப்போம்?" என்றார். மறுவாரமே தாமே முன்நின்று அவ்வண்டியைக் கொடுத்துவிட்டு, 110 கிலோ அளவுள்ள வண்டி ஒன்றை வாங்கித் தந்தார். சீர் என்பது பெண் நலமாக வாழக் கொடுப்பது. அவள் காலை முறிக்கும் சீர் சீராகாது. மகளுக்குச் செய்ய நினைக்கும் தந்தையர் மருமகனின் காலளவையும் ஒரு முறை கேட்டுக்கொள்வார்களாக.

பெண்கள் ஓட்டும் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளில் கற்றனர். பிறகு அதையே விரும்பவும் செய்தனர். குறுக்குச் சட்டத்தில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். தமக்கு எது ஏற்ற வண்டி என்பதை, ஓட்டுகிறவரே ஓட்டிப் பார்த்துத்தான் அறிவார்; பிறர் பெண் வண்டி, ஆண் வண்டி என்று பெயர் சூட்டுவதில் பொருளில்லை. 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பணிபுரியும் மகளிர்க்கு இருசக்கர வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியபோதும், எங்கள் ஊரில் சில வீடுகளில் வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் கணவரோ அண்ணனோதான். ஓட்டப்போகிற பெண் வீட்டிலேயே இருந்தார். அது முறையன்று. அவர் கால், அவர் கை, அவர் தீர்ப்பு.

ஸ்கூட்டர் வகையில் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கியர் மாற்றும் வேலையில்லை, சேலைக்கும் இசைவு. ஆனால் அதன் சக்கரம் சிறியது. பெரிய சக்கரம் தாண்டிவிடும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும். நகரத் தெருவுக்கு நல்லது. உடைந்த கரிசல் சாலையில் மெல்லச் செல்ல வேண்டும். பின்னால் அமர்வோருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, சேலை சிக்காதபடி சக்கரத்துக்கு மறைப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி கூறுகிறது. அழகுக்காக அந்த மறைப்பைக் கழற்றிவிடும் இளைஞர்கள் தம் தாயார் எங்கே அமர்வார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயரமானவர்களுக்கும் ஒரு சொல். ஆறடி ஆள் சிறிய மொபெட்டில் அமர்ந்தால் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும். திருப்பும்போது கை தடைப்படும். நாள்பட்டால் முதுகு வலிக்கும். அமர்ந்த நிலையில் ஹாண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். முழங்காலில் இடித்தாலும், வெளிப்பக்கத்துக் கை நீட்டியும் எட்டாமல் போனாலும் அந்த வண்டி உங்களுக்கு உரியதன்று. அவ்வாறே விரல்களையும் மறவாதீர்கள். கிளட்ச், பிரேக் இவற்றின் பிடி, உள்ளங்கை ஹாண்டில்பாரை விடாமலே இரண்டு விரலுக்கு எட்ட வேண்டும். மூட்டுவலி உடைய என் வயதொத்தோர் கிளட்சைத் தொடர்ந்து இருபது முறை அழுத்திப் பார்ப்பது நன்று. முதல் அழுத்தில் இலேசாக இருப்பது இருபதாவதில் அப்படியிராது.

உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய மற்றொன்று தலைக்கவசம். அதற்கு அளவு உண்டு. புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்தச் சென்டிமீட்டர் கணக்குக்கு வாங்க வேண்டும். ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டா என்று பார்க்க வேண்டும். தாடைவாரை மாட்டித் தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடக் கூடாது. பெரியவர் கவசத்தைப் பிள்ளை தலையில் கவிழ்ப்பது குடத்தைக் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

பிள்ளைகள் என்றதும் என் பழைய தொழில் குறுக்கிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் மோட்டார் சைக்கிள் கேட்டு, உண்ணாமல் படுத்துக்கொள்ளும் பையன்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெற்ற மனம் இளகிவிடுகிறது. சட்டம் சொல்வது இது: 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்கு 16 வயது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 18 வயது நிறைய வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோரோ வண்டிக்கு உரியவரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறக்கூடும். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது உடல். பதினைந்து வயதில் கால் நீண்டுவிடும், தோள் நிறைந்திராது. கால் எட்டுகிறது என்பதைக் கண்டு தகப்பனார் ஏமாந்து போகிறார். சைக்கிளில் இன்னும் மூன்று ஆண்டு செல்லட்டும். மேல்நிலை மாணவர்க்கு அரசே விலையின்றிச் சைக்கிள் தருகிறது. அதை விற்றுவிடாமல் மிதித்தாலே தோளும் தொடையும் தாமாக முறுக்கேறும்.

இதுவரை சொன்னவற்றை, பாடம் முடிவில் தொகுத்துச் சொல்லும் வழக்கப்படி, ஐந்து சோதனைகளாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஏறி அமர்ந்து, இடப்பக்கம் தாழ்ந்த தரையில் காலை ஊன்றுக. இரண்டு, இறங்கி நின்று, ஒருவரை மறுபுறம் துணைக்கு நிறுத்திக்கொண்டு, வண்டியைச் சிறிது சிறிதாகச் சாய்த்துத் தாங்கி நிமிர்த்துக. மூன்று, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளுக. வீட்டு வாசலில் ஏற்றிவிடும் சரிவு இருந்தால் அத்தகைய சரிவொன்றிலும் ஏற்றிப் பார்க்க. நான்கு, நடு ஸ்டாண்டில் நிறுத்துக. கையால் தூக்க முயலாமல், ஸ்டாண்டின் மிதியில் உடல் எடை முழுவதையும் ஊன்றினால் தானே ஏறும். அப்படியும் ஏறாவிட்டால் வண்டி உங்களுக்குப் பெரிது. ஐந்து, வழக்கமாக யாரை ஏற்றுவீர்களோ அவரை ஏற்றிக்கொண்டு, நடைவேகத்தில் ஒரு வளைவு வளைந்து நிறுத்திப் பார்க்க. வேகமாக ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வேகத்தில் எல்லா வண்டியும் தானே நிமிர்ந்து ஓடும். மெதுவாகச் செல்லும்போதுதான் ஆளும் வண்டியும் ஒன்றையொன்று அறியும்.

இவ்வைந்திலும் தேறும் வண்டி சில வேளை நம் ஆசைப்பட்ட வண்டியாக இராது. விலை குறைந்ததாகவும், ஊரார் திரும்பிப் பார்க்காததாகவும் இருக்கலாம். அதனால் குறைவொன்றுமில்லை. காலையில் புறப்பட்டவர் மாலையில் இரு காலும் நலமாக வீடு வந்து சேர்வதே வண்டியின் பெருமை. அடுத்த முறை கடைவாசலில் நிற்கும்போது, தவணையைக் கேட்பதற்கு முன்னால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு முறை ஏறி அமர்ந்து பாருங்கள். உங்கள் பாதம் சொல்லும் பதிலைக் கேட்ட பின்னர்ப் பணத்தை எண்ணலாம்.